குற்றவாளியைப் பிறகு தேடலாம்

ஒலுவில், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, கல்முனைப் பக்கங்களில் கம்பஸ் வலையமைப்புகளையும் விடுதி வைஃபைகளையும் பார்த்துக்கொள்ளும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு திறந்த மடல்



விடுதியில் நெட் நின்றுபோனால் பழி எங்கே விழும் என்று எல்லாருக்கும் தெரியும்: மூலை அறையில் படம் இறக்குகிற பொடியன்மேல். இஷாவுக்குப் பிறகு "காக்கா, நெட் சுத்திக்கிட்டே நிக்குது" என்று போன் வரும். டொரென்ட் யார் போடுகிறார் என்ற விசாரணை தொடங்கும். அரை மணி நேரத்தில் கோப்புப் பகிரும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் தடை விழும். மறுநாள் அதே நேரம், அதே போன்.

அந்தப் பொடியன் சுத்தமான ஆள் என்று இந்த மடல் வாதாட வரவில்லை. அவன் பெரும்பாலும் ஒரு சாட்டு. காரணம் வேறெங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில் இருப்பதால் மடலும் உங்களுக்கே.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் என்று ஒரு பெரிய போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியோடு சேர்ந்தது. 2002 நவம்பர் 13ஆம் திகதி அங்கே ஓர் ஆய்வாளர் கோப்புப் பகிர்வு மென்பொருள் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். பெருந்தொகைத் தரவு வலையமைப்பில் பாய்ந்தது, வைத்தியசாலையின் வலையமைப்பு முழுவதும் படுத்துவிட்டது. ஏறத்தாழ நான்கு நாள் இரத்தப் பரிசோதனை முடிவு முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாம் தாளிலும் பேனையிலும் ஓடின. கோப்புப் பகிர்ந்தவர் அகப்பட்டார், அத்தோடு கதை முடிந்தது என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் அவருடைய கணினியை நிறுத்திய பிறகும் வலையமைப்பு எழும்பவில்லை.

சிஸ்கோ நிறுவனத்துப் பொறியியலாளர்கள் வந்து தோண்டியபோது தெரிந்தது வேறு. பல ஆண்டுகளாக ஒரு ஸ்விட்சோடு இன்னொரு ஸ்விட்சைக் கோத்துக் கோத்து அந்த வலையமைப்பை வளர்த்திருந்தார்கள். தரவு சுழலாமல் காக்கிற 'ஸ்பானிங் ட்ரீ' என்ற முறை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்ச்களுக்கு மேல் போகக்கூடாது என்ற கணக்கில் அமைந்தது. அங்கே அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டிருந்தது. ஆய்வாளரின் தரவு இல்லாவிட்டால் வேறொருவரின் தரவு அதை விழுத்தியிருக்கும். வைத்தியசாலையின் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த மருத்துவர் ஜோன் ஹலம்கா இதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னார். இத்துறையில் இது அபூர்வமான நேர்மை; அதனால்தான் இருபது ஆண்டு கழித்தும் ஒலுவிலில் இருந்துகொண்டு இதைப் பேச முடிகிறது.

ஏழு ஸ்விட்ச் எங்கள் விடுதியில் ஏது என்று சிரிக்க வேண்டாம். ஒரு மாடிக்கு ஒரு ஸ்விட்ச் என்று தொடங்கும். அறையில் நாலு பேர் சேர்ந்து எட்டுப் போர்ட் பெட்டி ஒன்றை வாங்கி வைப்பார்கள். அடுத்த அறைக்காரர் அதிலிருந்து கேபிள் இழுப்பார். அறையைக் கூட்டும்போது தொங்கிக்கொண்டிருக்கும் கேபிள் முனையைக் கண்ட ஒருவர், 'கழன்றுவிட்டதாக்கும்' என்று நல்லெண்ணத்தோடு காலியான போர்ட்டில் செருகிவிடுவார். இரு முனையும் ஒரே பெட்டியில். அவ்வளவுதான், எல்லாருக்குமாக அனுப்பப்படும் ஒரு சிறு பொதி சுற்றிச் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் கட்டடம் முழுவதையும் நிரப்பும். ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னினால் டொரென்டைத் தேடி அலையாதீர்கள், அந்தக் கேபிளைத் தேடுங்கள். ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியியலாளர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை செய்தபோது 1985இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ இதைத் தடுக்கத்தான் வந்தது. மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

இதற்கு உறவான இன்னொரு கோளாறு, வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து சுவர்ப் போர்ட்டில் பிழையான பக்கத்தால் செருகுவது. அது தன்பாட்டில் எல்லாருக்கும் முகவரி வழங்கத் தொடங்கும். வலையமைப்பு 10இல் தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது, பாதிப் பேருடைய போனில் மட்டும் 192.168 என்று நிற்கிறது என்றால் விடை கையிலேயே இருக்கிறது.

இனி உண்மையான நெரிசலுக்கு வருவோம்.

ஒலுவில் ஆட்களுக்கு இதை விளக்க ஊர்த் துறைமுகமே போதும். 2013இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் உள்ளே இடத்துக்குக் குறைவில்லை. வாயில் மணல் அடைத்தபோது மீன்பிடிப் படகுகள் உள்ளேயும் வர முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. உள்ளே இன்னும் ஒரு தளம் கட்டினால் அந்தப் பிரச்சினை தீராது. வலையமைப்பிலும் கேள்வி இதுதான்: வாய் எங்கே அடைத்திருக்கிறது?

இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. ஒரு மடிக்கணினியைக் கேபிளால் நேரே இணைத்துக்கொண்டு, இரண்டு ஜன்னல்களைத் திறந்து 'பிங்' ஓட விடுங்கள். ஒன்று கட்டடத்து ரூட்டருக்கு, மற்றது கொழும்பிலுள்ள ஏதாவது ஒரு சேர்வருக்கு. சுபஹுக்குப் பிறகு எல்லாரும் தூங்கும் நேரத்தில் ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை. இரவிலும் ரூட்டர் 2 மில்லிசெக்கனில் பதில் சொல்லி, கொழும்பு மட்டும் 900க்கு ஏறினால் அடைப்பு வெளியே போகும் இணைப்பில். ரூட்டரே 300 என்று காட்டினால் வெளி இணைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை; கோளாறு கட்டடத்துக்குள். கேபிளில் நன்றாக வந்து, வைஃபையில் மட்டும் இழுத்தால் காற்றில். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. கோப்புப் பகிர்வைத் தடை செய்யுமுன் இதைச் செய்து பார்த்தவர்கள் குறைவு.

அந்த 900 எங்கிருந்து வருகிறது? பொதிகள் வரிசையில் நின்று காத்திருக்கும் நேரம் அது. மேலேற்றும் வேகம் 2 மெகாபிட் உள்ள ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். மோடத்துக்குள் 1 மெகாபைட் அளவு காத்திருப்பிடம் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவரின் போன் அன்று எடுத்த கல்யாண வீடியோக்களைத் தானாகவே கூகுளுக்கு ஏற்றத் தொடங்கினால் அந்த இடம் நிரம்பிவிடும். 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட்; 2 மெகாபிட் வேகத்தில் அது காலியாக 4 விநாடி வேண்டும். அதற்குப் பின்னால் வரிசைக்கு வருகிற சூம் வகுப்பின் குரலும் 4 விநாடி நிற்க வேண்டும். இறக்கத்தின் வேகம் 100 ஆக இருந்தாலும் பயன் குறைவு. 'கிடைத்தது, அடுத்ததை அனுப்பு' என்ற பதில்களும் இதே ஏற்றுப் பாதையில்தான் போக வேண்டும். படம் இறக்கியவனைப் பிடித்துப் பிரயோசனமில்லை. படம் ஏற்றிய போன் தலையணைக்கடியில் கிடக்கிறது, அதன் சொந்தக்காரருக்கே அது தெரியாது.

2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தன் வீட்டிலிருந்து பழைய கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது, நெட் மெதுவாகிவிட்டது என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். அவர் விடாமல் துருவிப் போய், உலகம் முழுவதும் ரூட்டர்களிலும் மோடங்களிலும் தேவைக்கு மிஞ்சிய காத்திருப்பிடம் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்குக் 'கோடெல்' என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பொதிகள் 5 மில்லிசெக்கனுக்கு மேல் தொடர்ந்து காத்திருக்கத் தொடங்கினால், வரிசை வீங்குமுன்பே ஒன்றிரண்டைத் தூக்கி எறிந்து அனுப்புநருக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்வதே அதன் வேலை.

வான் ஜேக்கப்சன் இந்த நோயோடு மல்லுக்கட்டியது அது முதல் தடவையல்ல. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில், சுமார் 400 யார் இடைவெளியிலிருந்த இரண்டு நிலையங்களுக்கிடையே இருந்த இணைப்பு, விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அந்தக் காலத்தில் படமும் இல்லை, டொரென்டும் இல்லை. தொலைந்த பொதிகளைக் கணினிகள் பதற்றத்தோடு திரும்பத் திரும்ப அனுப்பியதே அடைப்பாகிவிட்டது. அவர் 1988இல் எழுதிய தீர்வுதான் இன்றைக்கு எல்லாப் போன்களுக்குள்ளும் ஓடுகிற விதிகளின் அடிப்படை.

அந்த விதிகளில் ஓர் ஓட்டை உண்டு. டொரென்ட் அதன் வழியாகத்தான் நுழைகிறது. நெரிசல் வரும்போது ஒவ்வொரு தொடர்புக்கும் ஏறத்தாழச் சமபங்கு கிடைக்கும். ஆளுக்குச் சமபங்கு அல்ல, தொடர்புக்கு. விரிவுரை பார்க்கிற தங்கச்சிக்கு ஒரு தொடர்பு. டொரென்ட் போடுகிறவருக்கு நாற்பது. 20 மெகாபிட் இணைப்பில் தங்கச்சிக்கு மிஞ்சுவது அரை மெகாபிட்டுக்கும் குறைவு. இதற்குப் பரிகாரம் தடையல்ல, பங்கீட்டை ஆளுக்கு என்று மாற்றுவது. 2018இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்த 'கேக்' என்ற முறை இதைச் செய்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட பழைய ரூட்டரிலும், மைக்ரோடிக் பெட்டிகளின் ஏழாம் பதிப்பிலும் அது கிடைக்கும். வெளி இணைப்பின் வேகத்தில் ஒரு பத்து வீதத்தைக் குறைத்து அதில் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்துக்குள் நிற்காமல் உங்கள் கட்டுப்பாட்டிலுள்ள பெட்டிக்குள் நிற்கும். பத்து வீதத்தை இழக்க மனம் வராமல் இதைச் செய்யாதவர்கள் பலர். அந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டு மீதித் தொண்ணூறையும் இழக்கிறார்கள்.

காற்றின் கதை வேறு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. ஒரு நடைபாதையில் இருபது அறை, அறைக்கொரு ரூட்டர் என்றால் எல்லாரும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசுகிறார்கள். தூரத்து அறையில் சுவருக்கப்பால் 1 மெகாபிட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய போன், 1500 பைட் பொதி ஒன்றை அனுப்ப 12 மில்லிசெக்கன் காற்றைப் பிடித்துவைக்கிறது. 54 மெகாபிட்டில் இருப்பவருக்கு அதே வேலைக்கு கால் மில்லிசெக்கன்கூட வேண்டாம். மெதுவானவர் ஒருவருக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள். குறைந்த வேகங்களை அணுகல் புள்ளியில் நிறுத்திவிட்டு, முடிந்தவரை 5 கிகாஹேர்ட்ஸுக்கு ஆட்களை நகர்த்தினாலே பாதி முறைப்பாடு நின்றுவிடும்.

கரையோரத்துக்கே உரிய ஒன்று, உப்புக்காற்று. கேபிள் முனையிலுள்ள செப்புத் தகடு பச்சை பூத்துவிடும். கிகாபிட் இணைப்புக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஆகவே மற்ற இரண்டில் ஒரு சோடி பழுதானால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். இதைவிட மோசம், இணைப்பு நின்று நிலைத்தபடியே நூற்றுக்கு ஒரு பொதி கெட்டுப்போவது. பழைய முறைப்படியான கணக்கில், தூர சேர்வர் 100 மில்லிசெக்கனில் இருந்தால், ஒரு வீத இழப்பு ஒரு தொடர்பின் வேகத்தை ஏறத்தாழ 1.4 மெகாபிட்டுக்குள் கட்டிப்போடும். அதன் பிறகு நூறு மெகாபிட் வாங்கினாலும் ஆயிரம் வாங்கினாலும் அந்த அறைக்கு ஒன்றுதான். கடலைப் பார்த்த பக்கத்துச் சுவர்ப் போர்ட்களையும், ஸ்விட்சில் பிழை எண்ணிக்கை காட்டும் பக்கத்தையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்ப்பது பரீட்சைக் காலத்துப் பதற்றத்தைவிட மலிவு.

சரி, பகிர்வை என்ன செய்வது?

1999 ஜூனில் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து மாணவர் ஷோன் ஃபானிங் நாப்ஸ்டரை வெளியிட்டார். சில மாதங்களில் அமெரிக்கக் கம்பஸ்களின் இணைப்புகள் பாட்டால் நிரம்பின. இந்தியானா பல்கலைக்கழகம் 2000 பெப்ரவரியில் நாப்ஸ்டரைத் தடை செய்தது. அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் நாப்ஸ்டர்காரரோடு பேசி, ஒரு பாட்டு கம்பஸுக்குள்ளோ கல்வி வலையமைப்புக்குள்ளோ கிடைக்கும்போது வெளி இணைப்புக்குப் போகாதபடி மென்பொருளை மாற்ற வழி கண்டது; மார்ச்சில் தடை நீங்கியது. பாட்டின் உரிமை பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் வேறு வழியில் போய் நாப்ஸ்டரை முடித்துவிட்டது. ஆனால் நெரிசல் என்ற பிரச்சினை அதற்கு முன்பே பேசித் தீர்க்கப்பட்டிருந்தது.

இந்தியாவின் ஐஐடி விடுதிகளிலும், சென்னை உட்பட, இதே விடையை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். 2001இல் வந்த டிசி பிளஸ் பிளஸ் என்ற மென்பொருள் கம்பஸுக்குள்ளேயே ஒரு சந்தையை உண்டாக்கியது. யாரிடம் என்ன இருக்கிறது என்று தேடித்தரும் நடு இடம் ஒன்று; கோப்பு மட்டும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நேரே போகும். குறிப்பிட்ட அளவாவது பகிராதவர்களை உள்ளேயே விடாத இடங்களும் இருந்தன. ஒரு படம் வெளியிலிருந்து ஒரு தடவை வந்தால் போதும். 2007இல் மும்பாய் ஐஐடி இரவு 11 மணியிலிருந்து மறுநாள் பகல் 12.30 வரை விடுதி அறைகளில் இணையத்தை நிறுத்தியது. பிள்ளைகள் காலை வகுப்புக்கு வருவதில்லை, ஒருவரோடொருவர் பழகுவதில்லை என்பது நிர்வாகத்தின் கவலை. அது ஒழுக்கம் பற்றிய முடிவு; நெரிசலுக்கான மருந்தென்று அதைக் கடன் வாங்கக் கூடாது. ரமழானில் தராவீஹ் முடிந்து சஹர் வரை விழித்திருக்கும் விடுதிக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். 700 மெகாபைட் விரிவுரை வீடியோ ஒன்று நூறு பேருக்கு வேண்டும். ஆளாளுக்கு 20 மெகாபிட் வெளி இணைப்பால் இறக்கினால், வேறு யாரும் எதையும் தொடாமல் இருந்தாலும், ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஒருவர் இறக்கிக் கட்டடத்துக்குள் உள்ள கிகாபிட் சேர்வரில் வைத்தால், முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நூறு பேருக்கும் பத்து நிமிடம் போதும். பகிர்வுதான் இங்கே நெரிசலைத் தீர்க்கிறது. அதைத் தடை செய்த கம்பஸில் என்ன நடக்கும்? பிள்ளைகள் அதே வீடியோவை வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் போக வேண்டியது வெளிநாட்டுச் சேர்வருக்கு ஏறி, ஆளுக்கொரு தடவை திரும்பி இறங்கும். வைஃபையில் ஒருவர் கருவியை மற்றவர் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தும் அமைப்பைப் பாதுகாப்புக்காகப் போட்டுவைத்து, உள்ளூர்ச் சேர்வருக்கும் வழிவிட மறந்த இடங்களில் இது கட்டாயமாகவே நடக்கும். விண்டோஸ் புதுப்பிப்புகளும் அப்படித்தான். விண்டோஸ் 10 முதல், பக்கத்துக் கணினியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறது; உள்வலையமைப்புக்குள் மட்டும் என்று அதைத் திருப்பிவிடுங்கள்.

இப்படி உள்ளுக்குள்ளேயே பகிர்வது நாட்டுக்கும் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ போன்றோர் தொடக்கிவைத்த 'லேர்ன்' வலையமைப்பு இன்று அரச பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. 2020இல் கொவிட் வந்தபோது சூம் வகுப்புகள் லேர்ன் வழியாக உள்நாட்டிலேயே ஓடின. தொலைபேசி நிறுவனங்கள் மாணவர்களிடம் அதற்குக் காசு வாங்கவில்லை. நாட்டின் அளவில் செய்தது, நாலு மாடி விடுதியின் அளவில் முடியாததல்ல. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் ஒலுவிலிலும் சம்மாந்துறையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரே பாடத்தை இருமுறை வெளியிலிருந்து இழுக்க வேண்டியதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் கையை இழுத்துப் பிடியுங்கள். அளப்பதற்கு எந்தக் கருவி எவ்வளவு அனுப்பியது என்ற எண்ணிக்கை போதும். எதை அனுப்பியது என்று திறந்து பார்க்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல; ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒருவர் போனில் இருப்பது இன்னொருவர் வாய்க்கு வந்துவிட்டால் அது தெருவெல்லாம் போகும். உரிமையில்லாத படத்தை விடுதிச் சேர்வரில் வைப்பதும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சேர்வரை நடத்துகிறவரையும் சும்மா விடாது. கடந்தகால வினாத்தாள், விரிவுரைப் பதிவு, லினக்ஸ், ஆய்வுக்கூட மென்பொருள், விரிவுரையாளர் அனுமதித்த நூல்கள் என்று வைப்பதற்கு நிறைய இருக்கிறது. பழைய கணினி ஒன்றும் 2 டெராபைட் வட்டு ஒன்றும் போதும்.

அடுத்த தொகுதி மாணவர் வருவதற்குள் ஓர் இரவு பத்து மணி அளவை எடுத்து, திகதியும் நேரமும் போட்டு, விடுதி அறிவித்தல் பலகையில் ஒட்டிவையுங்கள்: ரூட்டருக்கு இவ்வளவு, கொழும்புக்கு இவ்வளவு, கேபிளில் இவ்வளவு, வைஃபையில் இவ்வளவு. 'கேக்' போட்ட பிறகு எடுத்த அளவையும் பக்கத்தில் ஒட்டுங்கள். தடை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டலாம். புது இணைப்புக்குப் பணம் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போதும் அதே தாள்தான் உங்களுக்காகப் பேசும்.